தேனுவின் அண்ணன்

வான் வண்டி புதுக்குடியிருப்புக்கு வந்து சேர்ந்தபோது பகல் பன்னிரண்டு மணி. சோளகக் காற்று புழுதியை வாரி முன்கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தது. வானின் பக்கவாட்டில் ‘தகரக்கூரை’ என்று கோணல் எழுத்தில் ரொக் இசைக்குழுவின் பெயர். உள்ளே டிரம்ஸ், இரண்டு கிற்றார், கீபோர்ட், மூன்று இசைக்காரர், முன்னுக்கு வெற்றிலை போட்டபடி சாரதி மாயாண்டி. புது அல்பத்தோடு ஊர் ஊராகப் பாடப் புறப்பட்டவர்கள் இவர்கள். கொழும்பு, மட்டக்களப்பு, திருகோணமலை, யாழ்ப்பாணம், வவுனியா முடிந்துவிட்டன. புதுக்குடியிருப்பும் மல்லாவியும் கிளிநொச்சியும் மிச்சம்.

புதுக்குடியிருப்பு வேண்டாம் என்று தலைகீழாக நின்று பார்த்தவன் பாடகன் சுகிர்தன். மைதானம் சரியில்லை என்றான், மின்சாரம் நிற்கும் என்றான், தொண்டை கட்டியிருக்கிறது என்றான். டிரம்ஸ் அடிக்கும் நிருஷன் ஒன்றையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“உன்ர தங்கச்சியின்ர மண்ணடா. அங்க பாடாமல் வேறெங்க பாடுறது?”

அதற்குப் பிறகு சுகிர்தன் என்னத்தைச் சொல்ல? வானில் ஏறினான்.

தங்குவதற்குக் கிடைத்தது லண்டனில் இருக்கும் யாரோ ஒருவருடைய பழைய கல்வீடு. ஷெல் துண்டுகள் பட்ட ஓட்டைகளைச் சீமெந்து வைத்து அடைத்திருந்தார்கள்; மேலே பெயின்ற் அடிக்க ஒருவரும் வரவில்லை. கதவைத் திறந்ததும் பூட்டிக்கிடந்த வீட்டின் புழுக்கம் முகத்தில் அடித்தது. வெளியே அவ்வளவு வெயில், உள்ளே விறாந்தையின் மூலையில் ஒன்றும் தெரியவில்லை. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் யோகநாதன் என்ற மனிதர் தண்ணீர்ச் செம்போடு வந்து எல்லோரையும் ஒருதரம் பார்த்தார்.

“உங்களுக்குப் பால்தேத்தண்ணி போடுறன். பிள்ளைக்கு என்ன குடுக்கிறது?”

கிற்றார் வாசிக்கும் லக்சிகா தன்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்தாள். “எனக்கு வெறுந்தேத்தண்ணி போதும் அண்ணை.”

யோகநாதன் அவளைப் பார்த்தார். பிறகு சுகிர்தனின் இடுப்புக்குப் பின்னால் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர் செம்பை வைத்துவிட்டு, “கண்ணுக்குக் கண்ணாடி மாத்தவேணும்” என்று முணுமுணுத்துக்கொண்டு குசினிப் பக்கம் போனார்.

நிருஷன் சிரித்தான். சுகிர்தன் சிரிக்கவில்லை. கையைப் பின்னால் கொண்டுபோய்த் தன்னுடைய சேட்டின் கீழோரத்தைத் தடவிப் பார்த்தான். கசங்கியிருந்தது. ஈரமாகவும் இருந்தது, வேர்த்த கை ஒன்று நெடுநேரம் பிடித்துக்கொண்டிருந்த மாதிரி.

இது மட்டக்களப்பில் தொடங்கியது. மேடையிலிருந்து இறங்கி உடுப்பு மாற்றும்போதுதான் முதலில் கண்டான். இஸ்திரி போட்டு உடுத்த புதுச் சேட்டின் பின்னோரம் மட்டும் சுருண்டு கசங்கியிருந்தது. கதிரையில் இருந்ததால் என்று நினைத்தான். திருகோணமலையில் வேறு சேட், அதே இடம், அதே கசங்கல். யாழ்ப்பாணத்தில் பாடிக்கொண்டிருக்கும்போதே யாரோ மெல்ல இழுத்தார்கள். திரும்பிப் பார்த்தான். பின்னால் நிருஷனும் டிரம்ஸும். நடுவில் பத்தடி வெறும் பலகை.

பிறகு அந்த மணம். நல்லெண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய தலையில் புழுதி படிந்து வெயிலில் காய்ந்தால் ஒரு மணம் வருமே, அது. வானில் அவனுக்குப் பக்கத்து இருக்கையில் யாரும் இருப்பதில்லை. லக்சிகா ஒருநாள் இருக்கப் போனவள் உடனே எழும்பினாள். “சூடாக் கிடக்கு, ஆரோ இருந்து எழும்பின மாதிரி” என்று சொல்லிவிட்டுப் பின்னுக்குப் போனாள். அன்றிலிருந்து அந்த இடத்தில் பையைக்கூட யாரும் வைக்கவில்லை.

வவுனியாவில், பாட்டு நடுவில், காதுக்குள் செருகியிருந்த இயர்போனில் ஒரு மூச்சு.

சின்ன மூச்சு. ஓடிவந்து நின்ற பிள்ளையின் மூச்சு.

சுகிர்தனுக்குப் பயத்தைவிட வெட்கம்தான் முதலில் வந்தது. ஏனென்றால் இது யார் என்று அவனுக்குத் தெரியும். இந்தப் பூமியில் அவனுக்கு மட்டும் தெரிந்த ஒரு களவு இருந்தது.

களவென்றால் பொன்னையோ பொருளையோ எடுத்த களவல்ல. சுகிர்தன் இராசேஸ்வரியின் ஒரே மகன். கூடப் பிறந்தவர்கள் என்று ஒருவருமில்லை. இரண்டாயிரத்து ஒன்பதில் அவனுக்குப் பன்னிரண்டு வயது. அவர்கள் வீட்டில் மூன்று பேர் போரைக் கடந்து வந்தார்கள், மூன்று பேரும் உயிரோடு முகாமுக்கு வந்தார்கள். செட்டிகுளம் முகாமில் தண்ணீர் வரிசையில் அவனுக்கு முன்னால் எப்போதும் விமலேஸ்வரி என்ற பெண் நிற்பாள். விமலா அன்ரி என்று கூப்பிடுவான். அவளுடைய ஆறு வயது மகள் தேனுகா சனநெரிசலில் கைநழுவிப் போனாள். அதை விமலேஸ்வரி ஒவ்வொரு நாளும், கேட்கிறவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும், ஒரே சொற்களில் சொல்லுவாள். “என்ர சீலைத்தலைப்பை விடாதை தேனு எண்டு சொன்னனான். திரும்பிப் பார்க்கிறன், தலைப்புக் கிடக்கு, பிள்ளை இல்லை.” நாலு மாதம் அதைக் கேட்டுக் கேட்டு அவனுக்குப் பாடமாகிவிட்டது.

பிறகு கொழும்பு. படிப்பு, கிற்றார், நண்பர்கள். வன்னியிலிருந்து வந்தவன் என்றால் எல்லோரும் குரலைத் தாழ்த்தி ஒன்றைத்தான் கேட்பார்கள்: நீ ஆரை இழந்தனீ? ஒருவரையும் இல்லை என்று சொல்ல அவனுக்குக் கூச்சமாக இருந்தது. ஏதோ தப்புச் செய்து தப்பி வந்தவன் போலிருந்தது. ஓர் இரவு புது மெட்டு ஒன்றை நிருஷனுக்கும் லக்சிகாவுக்கும் பாடிக் காட்டினான். “சேட்டை விடாதை தேனு எண்டு சொன்னனான்” என்று தொடங்கும் பாட்டு. சீலைத்தலைப்பைச் சேட்டாக மாற்றியது மட்டும்தான் அவன் பார்த்த வேலை. லக்சிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “உன்ர தங்கச்சியோ?” என்று கேட்டாள்.

ஓம் என்றான்.

அந்த ஒரு சொல்தான். அடுத்த நாள் இல்லையென்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெயரையாவது மாற்றலாமென்று பார்த்தான். வேறெந்தப் பெயரும் அந்த மெட்டில் பொருந்தவில்லை. பாட்டு யூரியூப்பில் போட்டுப் பிய்த்துக்கொண்டு ஓடியது. வானொலிக்காரர் தங்கச்சியைப் பற்றிக் கேட்டார்கள், சொன்னான். மேடைக்கு மேடை பாட்டுக்கு முதல் இரண்டு நிமிடம் குரல் தழுதழுக்கப் பேசினான். கடைசியில் கூட்டத்தைப் பார்த்துக் கையை உயர்த்துவான். ஆயிரம் பேர் ஒரே குரலில் கத்துவார்கள்: “தேனு, வா! தேனு, வா!”

அவள் வந்துவிட்டாள். கூப்பிட்டால் வரத்தானே செய்வாள்.

நாலு மணிக்கு மைதானத்தில் ஒலிச்சோதனை. வெறும் பிளாஸ்டிக் கதிரைகள் வரிசையாக வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றில் ஒன்றில், முன்வரிசையில், ஒரு பெண் இருந்தாள். குடை பிடிக்கவில்லை. மண்ணிறச் சேலை. சுகிர்தன் மேடையிலிருந்தே அடையாளம் கண்டுவிட்டான். பதினைந்து வருடத்தில் தலை முழுக்க நரைத்திருந்தது, ஆனால் வரிசையில் நிற்கும்போது தலையை ஒருபக்கம் சாய்த்து வைத்திருப்பாளே, அது மாறவில்லை.

ஓடிவிடலாமா என்று பார்த்தான். கால்தான் அவள் பக்கம் நடந்தது.

“இராசேஸ்வரியின்ர மோன் தானே?” என்றாள் விமலேஸ்வரி. “வளந்திட்டாய். அம்மா சுகமோ?”

“ஓம் அன்ரி.”

“பாட்டுக் கேட்டனான். பக்கத்துவீட்டுப் பெட்டை ஃபோனில போட்டுக் காட்டினது. நல்லாயிருக்கு.”

ஏசியிருந்தால் பரவாயில்லை. செருப்பைக் கழற்றி அடித்திருந்தாலும் தாங்கியிருப்பான். நல்லாயிருக்கு என்ற அந்தச் சொல்லுக்கு அவனால் நிமிர முடியவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு, “அன்ரி, நான்...” என்று தொடங்கினான்.

அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். “நீ ஏன் செய்தாய் எண்டு கேக்க வரேல்லை. வேற ஒண்டு கேக்க வந்தனான்.” குரலைத் தாழ்த்தினாள். “அவள் இப்ப வீட்டை வாறேல்லை, தம்பி.”

சுகிர்தனின் கை சேட்டின் பின்னோரத்துக்குப் போனது.

“ஆர் அன்ரி?”

“தெரியாத மாதிரிக் கேளாதை.” அவள் வெறும் கதிரைகளைப் பார்த்தாள். “பிள்ளை செத்திட்டாள் எண்டு நான் ஒரு கடுதாசியிலயும் கையெழுத்து வைக்கேல்லை. பத்துப் பேர் வந்து கேட்டவை. வைக்கேல்லை. ஏனெண்டால் அவள் வாறவள். மத்தியானம் சோத்தைப் போட்டிட்டு இருந்தால் பின்படலை திறபடும். குசினிக்குள்ள அவள் இருக்கிற பலகை இழுபடும். கண்ணால காணேல்லை, ஆனால் எனக்குத் தெரியும். இத்தினை வருசமா நான் ஒருநாளும் தனியச் சாப்பிடேல்லை. உன்ர பாட்டு வந்த மாசத்தோட அது நிண்டுபோச்சு.”

காற்று ஒரு கதிரையைத் தள்ளி விழுத்தியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

“நீ அண்ணா எண்டு சொல்லிக் கூப்பிடுறாய். இத்தினை சனமும் சேர்ந்து கூப்பிடுது. நான் ஒருத்தி, எவ்வளவெண்டு கூப்பிடுறது? சின்னப்பிள்ளை. சத்தம் கூடின பக்கம் போயிட்டாள்.” பிறகு அவள் கேட்க வந்ததைக் கேட்டாள். “இண்டைக்கு மேடையில ஒருக்காச் சொல்லு. தேனு என்ர தங்கச்சி இல்லை, விமலேஸ்வரியின்ர மோள் எண்டு. வீட்டை போ தேனு எண்டு சொல்லு. நீ சொன்னால்தான் அவள் கேப்பாள். எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்.”

“சொல்லுறன் அன்ரி,” என்றான் சுகிர்தன். அப்போது அவன் மனதாரத்தான் சொன்னான். அது பொய்யில்லை.

அவனுடைய சேட்டை யாரோ பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்தார்கள்.

ஆறரைக்கு நிகழ்ச்சி தொடங்கியது. இரண்டாயிரம் பேருக்குக் குறையாது. மரத்தில் ஏறியிருந்தவர்கள் தனி. ஜெனரேற்றர் புகையும் சுண்டல்காரனின் எண்ணெய்ப் புகையும் கலந்து மேடைவரை வந்தன. ஆறு பாட்டுப் பாடினார்கள். ஒவ்வொரு பாட்டு முடியவும் கூட்டம் கேட்டது ஒன்றைத்தான்: தேனு, தேனு. முன்வரிசையில் விமலேஸ்வரி மடியில் இரண்டு கையையும் கோத்து வைத்துக்கொண்டு இருந்தாள்.

ஏழாவது பாட்டு. விளக்குகள் அணைந்து ஒரேயொரு நீல வெளிச்சம் சுகிர்தன்மேல் விழுந்தது. மைதானம் அடங்கியது. நூற்றுக்கணக்கான ஃபோன்கள் உயர்ந்தன.

சொல்ல வேண்டியது பத்துச் சொற்கூட இல்லை. ஒலிச்சோதனை முடிந்ததிலிருந்து வாய்க்குள் சொல்லிப் பார்த்தவைதான்.

“தேனு...” என்றான்.

கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தது. ஒரு பெண்பிள்ளை ஏற்கெனவே அழத் தொடங்கிவிட்டாள். அந்த ஃபோன்களைப் பார்த்தான். நாளைக்கு இந்த முகம் எங்கெங்கெல்லாம் போகும், யார் யார் காறித் துப்புவார்கள் என்று ஒரு கணம் நினைத்தான். நினைத்திருக்கக் கூடாது.

“தேனு இந்த மண்ணின்ர பிள்ளை,” என்றான். “எங்கள் எல்லாருக்கும் தங்கச்சி.”

மைதானம் வெடித்தது. எவ்வளவு வடிவான வசனம்! பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை, கைதட்டல் மட்டும் நிச்சயம். நிருஷன் இதுதான் சமயமென்று டிரம்ஸை அடிக்கத் தொடங்கினான். சுகிர்தன் முன்வரிசையைப் பார்க்கப் பயந்து வானத்தைப் பார்த்துப் பாடினான். கை தன்பாட்டில் உயர்ந்தது.

“தேனு, வா! தேனு, வா!”

அப்போது விமலேஸ்வரி எழும்பினாள். அவளும் கத்தினாள். வாய் அசைவது தெரிந்தது, கழுத்து நரம்பு புடைப்பது தெரிந்தது. தேனு, வீட்டை வா. இரண்டாயிரம் குரலுக்கு நடுவில் அவளுடைய சத்தம் எங்கே போய்ச் சேரும்? பக்கத்தில் நின்ற பெடியங்கள் ஆச்சியும் சேர்ந்து பாடுகிறா என்று கைதட்டினார்கள்.

சுகிர்தனின் காதுக்குள், இயர்போனில், டிரம்ஸும் கிற்றாரும் ஒதுங்கின.

மூச்சு.

பிறகு குரல். மிகவும் தெளிவாக.

“அண்ணா, அந்த அம்மா ஆர்?”

அவன் கை ஒலிவாங்கியை இறுக்கிப் பிடித்தது.

“ஏன் அண்ணா அவா அழுறா?”

பதில் அவனுக்குத் தெரியும். ஒரு சொல்தான் அதுவும். ‘அம்மா.’ உன்ர அம்மா. சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். ஒலிவாங்கி வாய்க்கு நேரே இருந்தது. அவன் பதில் சொல்லவில்லை. இரண்டாவது சரணத்தின் முறை வந்தது, இரண்டாவது சரணத்தைப் பாடினான்.

பாட்டு முடிந்து வெளிச்சம் வந்தபோது முன்வரிசையில் அந்தக் கதிரை வெறுமையாக இருந்தது.

விடிந்ததும் யோகநாதனிடம் விமலேஸ்வரியின் வீட்டுக்கு வழி கேட்டு, அவருடைய சைக்கிளை வாங்கிக்கொண்டு புறப்பட்டான். மற்ற ஒருவருக்கும் சொல்லவில்லை. இரவு கண்மூடவில்லை, பாயில் அவனுக்கு வலப்பக்கம் ஓர் ஆள் படுக்கிற இடம் சூடாக இருந்தது, அவன் சுவரோடு ஒட்டிக்கொண்டு கிடந்தான். வெயில் ஏற முதலே சைக்கிள் மிதிக்கக் கடினமாக இருந்தது. சமதரைதான், காற்றும் எதிர்க்காற்றில்லை. பின்னால் காரியரில் பாரம். ஆறு வயதுப் பிள்ளை என்ன பாரம் இருக்குமோ அவ்வளவு. பள்ளத்தில் சில்லு விழுந்தபோது இரண்டு சின்னக் கைகள் அவனுடைய சேட்டை இன்னும் இறுக்கின.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

விமலேஸ்வரியின் வீடு வீட்டுத்திட்டத்தில் கட்டியது. பூச்சுப் பூசாத சுவர், இரண்டு அறை, பின்னால் ஓலைக் குசினி. அவள் முற்றத்தில் நின்றாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

“அன்ரி, நான் சொல்லேல்லை,” என்றான்.

“கேட்டனான்.”

“இன்னொண்டும் இருக்கு.” சைக்கிளை நிறுத்தினான். “நீங்கள் எழும்பி நிக்கேக்க அவள் என்னட்டக் கேட்டவள். அந்த அம்மா ஆர் எண்டு.”

விமலேஸ்வரியின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. “நீ என்ன சொன்னனீ?”

“ஒண்டும் சொல்லேல்லை அன்ரி. பாடினனான்.”

அவன் அப்போதுதான் அழுதான். மேடையில் அழுத அழுகையில்லை. மூக்குச் சளியோடு, பார்க்கச் சகிக்காத அழுகை. விமலேஸ்வரி அதைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. குசினிக்குள் போனாள். நேற்று இரவே ஆக்கி வைத்திருக்கிறாள் போல, ஒரு கோப்பையில் சோறும் மீன்குழம்பும் போட்டுப் பலகைக்கு முன்னால் வைத்தாள். பின்படலையைத் திறந்துவிட்டாள். “தேனு,” என்று கூப்பிட்டாள். “சாப்பிட வா பிள்ளை.”

எதுவும் அசையவில்லை. காகம் ஒன்று எங்கோ கரைந்தது.

சுகிர்தன் முழங்காலில் நின்று, முகத்தைப் பின்னுக்குத் திருப்பி, ஒருவருமில்லாத இடத்தைப் பார்த்துச் சொன்னான்.

“தேனு, நான் உன்ர அண்ணா இல்லை. எனக்குத் தங்கச்சியே இல்லை. நான் பொய் சொன்னனான். இது உன்ர வீடு. இவாதான் உன்ர அம்மா. போ பிள்ளை.”

சேட்டின் ஓரம் இழுபட்டது. இந்தமுறை அதை விமலேஸ்வரியும் கண்டாள். துணி காற்றில் ஆடவில்லை. பின்பக்கம் நீண்டு, நுனியில் மூடிய சின்னக் கை ஒன்றுக்குள் அகப்பட்டது போலச் சுருங்கி நின்றது.

“என்ர பிள்ளை!” என்றாள் விமலேஸ்வரி. இரண்டெட்டு வைத்து வந்தாள். கையை நீட்டி, அந்தச் சுருக்கத்தைத் தொடப் போனாள்.

துணி விலகியது.

அவனுடைய இடுப்பைச் சுற்றி மறுபக்கம் போனது. அவள் அந்தப் பக்கம் கையைக் கொண்டுபோனாள். மறுபடியும் இந்தப் பக்கம் வந்தது. தெரியாத ஆளைக் கண்டால் பிள்ளைகள் கூட்டி வந்தவரின் பின்னால் ஒளிக்குமே, அப்படி.

விமலேஸ்வரி கையை எடுத்தாள். எடுத்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் சேலையில் துடைத்தாள். சோற்றுக் கோப்பையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே, யாரோ பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அனுப்புவது போன்ற குரலில் பேசினாள்.

“மீன் விருப்பம். ஆனால் முள்ளெடுக்கத் தெரியாது. நீதான் எடுத்துக் குடுக்கோணும். இடி முழங்கினால் பயம், கையைப் பிடிச்சுக்கொள். வலக்கைப் பக்கம் படுக்க விடு.”

“அன்ரி...”

“இனி அவளுக்கு உன்னைத்தான் தெரியும். நான் என்ன செய்ய? தனிய விட்டிடாதை, தம்பி.” படலையைச் சாத்தப் போனவள் திரும்பினாள். “கேள்வி கேட்டால் மறுமொழி சொல்லு.”

ஓம் என்று தலையாட்டினான். சைக்கிளை எடுத்தான். பாரம் ஏறியது.

மல்லாவிக்குப் போகும் வழியில், ஒட்டுசுட்டான் காட்டுக்குள், வானை நிறுத்தச் சொல்லி நிருஷனுக்கும் லக்சிகாவுக்கும் எல்லாவற்றையும் சொன்னான். தங்கச்சி இல்லையென்பதைச் சொன்னான், தண்ணீர் வரிசையைச் சொன்னான், நேற்று முன்வரிசையில் நின்று கத்தியது யாரென்பதைச் சொன்னான். சேட்டைப் பற்றிச் சொல்லவில்லை. லக்சிகா எழும்பிச் சாரதிக்குப் பக்கத்தில் போய் இருந்தாள். நிருஷன் மாங்குளம் சந்திவரை யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். சந்தி திரும்பும்போது, “இனி எந்த மேடையிலயும் அந்தப் பாட்டு இல்லை,” என்று மட்டும் சொன்னான்.

சுகிர்தனும் அதைத்தான் நினைத்திருந்தான். கூப்பிட இனி ஒன்றுமில்லையே.

மல்லாவிச் சந்தியில் ஒரு சாப்பாட்டுக்கடை. மத்தியான நேரம், மேசையெல்லாம் ஆட்கள். நிருஷனும் லக்சிகாவும் ஒருபக்கம் இருந்தார்கள். எதிர்ப்பக்கம் சுகிர்தன் இருந்தான், அவனுக்கு அருகில் ஒரு வெறும் கதிரை. கடைக்காரப் பெண்ணிடம் இரண்டு சாப்பாடு சொன்னான். ஒன்றைத் தனக்கு வைத்துக்கொண்டு மற்றதை அந்தக் கதிரைக்கு முன்னால் நகர்த்தினான். மீன்துண்டை எடுத்துப் பிட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துக் கோப்பையின் விளிம்பில் வைத்தான். சின்ன முள்ளுகள். பொறுமையாகத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

நிருஷன் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

“இங்க மேடை இல்லை. இன்னும் ஆருக்கடா நடிக்கிறாய்?”

சுகிர்தன் தலை நிமிரவில்லை. “நடிக்கேல்லை மச்சான்,” என்றான். முள்ளெடுத்த மீனைச் சோற்றின்மேல் வைத்தான். “தங்கச்சிக்கு.”

பக்கத்து மேசையில் யாரோ சொதி கேட்டார்கள். விசிறி கிறீச்சிட்டுக்கொண்டு சுற்றியது. லக்சிகா மெல்ல நிருஷனின் கையைப் பிடித்தாள், அவள் பார்வை அந்தக் கோப்பையில் இருந்தது.

சோற்றின் ஓரத்தில் நாலு சின்ன விரலின் தடம் பதிந்தது.